கழுத்து வரைக்கும் டீசல்

போன வாரம் பிரிஸ்கில்லாவை எந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம் என்று ஞாபகம் இருக்கிறதா? காதில் போனை வைத்துக்கொண்டு, தம்பி ஸ்டீபன்ராஜ் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தாள். போனில் தலையாட்டினால் கோயமுத்தூரில் இருப்பவனுக்குத் தெரியவா போகிறது? அவள் அப்படித்தான். வாயைத் திறந்து சொல்ல வேண்டியதை எல்லாம் தலையாட்டியே முடித்துவிடுகிற ஆள்.

தம்பி சொன்னது இதுதான். "அக்கா, வண்டி வாங்கும்போது லிட்டருக்குப் பன்னெண்டு, பதிமூணுன்னு சொன்னாங்க. விக்கிறவன் சொல்லத்தான் செய்வான், அதுல ரெண்ட கழிச்சுக்குவோம். ஆனா நீ அனுப்புற பில்லையும் ஓடுன கிலோமீட்டரையும் வச்சுப் பாத்தா எட்டைத் தாண்ட மாட்டேங்குது. ஞாயித்துக்கெழம அம்மாவக் கூட்டிக்கிட்டு நானே வாரேன். டேங்க ரொப்பி ஓட்டிப் பாப்போம். பத்துக்கு மேல குடுத்தா வண்டி உனக்கு. இல்லன்னா வித்துட்டு நீ நிம்மதியா வீட்ல இரு."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு மட்டும் பிரிஸ்கில்லா தலையாட்டவில்லை.

அவள் ஓட்டுவது சும்மா ஆளேற்றுகிற வேன் இல்லை. உள்ளே இரண்டு படுக்கை, கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மடக்கு மேசை எல்லாம் வைத்த கேம்பர் வேன். கொடைக்கானல், மூணாறு, ராமேஸ்வரம் என்று சுற்றுகிறவர்கள் வாடகைக்கு எடுப்பார்கள். பிள்ளை குட்டிகளோடு அவர்கள் பின்னால் படுத்திருக்க, இவள் நடுவில் திரையை இழுத்துவிட்டு முன்சீட்டில் காலை மடக்கிக்கொண்டு தூங்குவாள். நாற்பத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. முன்பு நர்சரிப் பள்ளி வேன் ஓட்டியவள். வண்டிக்குப் பணம் போட்டது தம்பி. டீசல் பில்லுக்கும் அவன்தான் பணம் கொடுக்கிறான்.

போன வருஷம் ஜூன் மாதம் வரைக்கும் மரியநாதபுரம் வீட்டில் அம்மா ஜெயமேரியும் இவளும் இருந்தார்கள். தம்பி மனைவி வேலைக்குப் போக ஆரம்பித்ததும், இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அம்மாவைக் கோயமுத்தூருக்கு அழைத்துப் போனார்கள். சந்தோஷமாகத்தான் அனுப்பி வைத்தாள். வாசலில் நின்று கார் திரும்புகிற வரைக்கும் கையாட்டினாள். பிறகு வீட்டுக்குள் போனாள்.

அங்கேதான் வந்தது வினை. வீட்டில் ஒரு சத்தம் இல்லை. அம்மாவின் இருமல் இல்லை, பாத்திரம் உருளவில்லை, "ஏன்டி லைட்ட அமத்தல" என்ற ஏச்சு இல்லை. புரண்டு புரண்டு பார்த்தாள். கடைசியில் தலையணையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற வேனுக்குள் போய்ப் படுத்தாள். என்ஜினைப் போட்டால்தான் அதன் ஏசி ஓடும். போட்டாள். வண்டி மெல்ல அதிர்ந்தது. யாரோ பக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. தூங்கிப் போனாள்.

அன்றிலிருந்து வாடகை இல்லாத நாளெல்லாம் அவளுக்குப் படுக்கை அந்த வேன்தான். ஜன்னலை இரண்டு விரல் இறக்கிவிட்டு, என்ஜினை ஓடவிட்டு, இடையில் விழிப்பு வரும்போது அணைப்பாள். குளிக்கவும் துணி மாற்றவும் மட்டும் வீட்டுக்குள் போவாள். இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. தினமும் ராத்திரி அம்மா போன் பண்ணி, "எங்கடி இருக்க?" என்றால், "ஒன் கட்டில்லதாம்மா படுத்துருக்கேன்" என்பாள். "என்னடி சத்தம்?" என்றால், "பக்கத்து வீட்டு மோட்டாரும்மா" என்பாள்.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும்தான் ஆத்திரமாக வருகிறது. சொன்னால் அம்மா அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். அங்கே பிள்ளைகள் இரண்டும் தவிக்கும். தம்பி பெண்டாட்டி வேலையை விட வேண்டிவரும். ஒருத்தி தனியாகத் தூங்க முடியவில்லை என்பதற்காக ஒரு குடும்பமே குலைய வேண்டுமா என்பது அவள் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிஸ்கில்லா முந்திக்கொண்டாள். "வீட்டுக்கு வராதீங்க, நேரா பழனி ரோட்டுப் பங்க்குக்கு வந்துருங்க. வெயிலுக்கு முன்னாடி கெளம்பிரலாம்" என்று போனில் சொல்லிவிட்டாள். வீட்டு வாசலை அவர்கள் மிதிக்கக் கூடாது என்பதுதான் விஷயம்.

காரை விட்டு இறங்கியதுமே ஜெயமேரி ஆரம்பித்தாள். "ஞாயித்துக்கெழமையும் அதுவுமா பூசை பாக்காம டீசல் போட வந்துருக்கோம். நல்ல குடும்பம்."

"சாயங்காலப் பூசைக்குப் போயிக்கலாம்மா" என்றாள் மகள். அம்மா இளைத்திருந்தாள். இல்லை, தான்தான் அப்படி நினைத்துக்கொள்கிறோமோ? கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. டீசல் மூடியைத் திறக்கப் போய்விட்டாள்.

பங்க்கில் ஒச்சாயி நின்றாள். பிரிஸ்கில்லாவுக்கு நல்ல பழக்கம். குழாயை மாட்டி, அதுவே டக்கென்று நிற்கிற வரைக்கும் ஊற்றினாள்.

"பத்தாதுங்க. கழுத்து வரைக்கும் ஊத்துங்க" என்றான் ஸ்டீபன். "திரும்பி வந்து இதே அளவுக்கு ஊத்துனாத்தான் எம்புட்டுக் குடிச்சுச்சுன்னு சரியாத் தெரியும்."

கழுத்து வரைக்கும் என்றால் அந்தக் குடும்பத்தில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. செத்துப்போன அப்பா சூசை லாரி ஓட்டியவர். டீசல் நுரைத்துக்கொண்டு மேலே நிற்கும், வண்டியை ஆட்டினால் நுரை அடங்கி இன்னும் கொஞ்சம் இறங்கும் என்று, பங்க்குக்குப் போனால் குடும்பத்தையே இறக்கி லாரியை ஆட்டச் சொல்வார். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. ஸ்டீபன் ஒரு பக்கம், பிரிஸ்கில்லா மறுபக்கம் நின்று வேனைத் தள்ளித் தள்ளி ஆட்டினார்கள். அறுபத்தேழு வயது ஜெயமேரியும் சேலையைச் செருகிக்கொண்டு வந்து கை வைத்தாள்.

"நீ தள்ளி நில்லும்மா!"

"போடா. உங்கப்பாகூட நான் ஆட்டாத வண்டியா?"

பின்னால் வரிசையில் நின்ற பைக்குக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு நாள் முடிந்திருக்கக் கூடாதா என்றிருக்கிறது எனக்கு.

காரைப் பங்க் ஓரமாக நிறுத்திவிட்டு வேனில் கிளம்பினார்கள். "வழக்கமா எப்படி ஓட்டுவியோ அப்படியே ஓட்டு. எனக்காக உருட்டாத" என்றான் ஸ்டீபன். ஏசி ஓடியது. தண்ணீர்த் தொட்டியும் நிறைந்திருந்தது. பிரிஸ்கில்லா அறுபதுக்கு மேல் போகவில்லை. அவள் என்றைக்குமே போகிறவள் இல்லை.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் ஆடிக் காற்று முகத்திலேயே அறைந்தது. வண்டி உயரம் அல்லவா? பீரோவைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. மிதித்தால்தான் நகர்ந்தது.

"பாத்தியா, இப்பிடித்தான் குடிக்கிது" என்றான் தம்பி.

"திரும்பி வாரப்ப இதே காத்து முதுகுல தள்ளும்டா. ரெண்டையும் சேத்துப் பாரு."

பின்னால் படுக்கையில் உட்கார்ந்திருந்த ஜெயமேரி எதையோ இழுத்தாள். "ஏன்டி, என் பழைய நீலச் சேலை இங்க கெடக்கு?"

பிரிஸ்கில்லாவுக்கு ஸ்டியரிங் வழுக்கியது. "அதா... வர்ற கஸ்டமருக்குக் குளிருச்சுன்னா போத்திக்கட்டும்னு போட்டேம்மா."

"என் கிழிஞ்ச சேலையவா?"

மகள் ரோட்டையே பார்த்து ஓட்டினாள். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் பார்த்தாள் பிரிஸ்கில்லா. அந்த நீலச் சேலையையே மடித்துத் தலைக்கு வைத்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள் ஜெயமேரி.

பழனியில் ஒரு லாட்ஜ் முன்னால் நிறுத்தச் சொன்னான் ஸ்டீபன். வெள்ளைச் சட்டையில் ஒருவர் காத்திருந்தார். சோலைமுத்து, லாட்ஜ் முதலாளி. கும்பிட்டுவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஏனுங்க, உள்ள பாத்துக்கலாமுங்களா? கேரளாப் பார்ட்டிங்க நெறைய வாராங்க, அவுங்களுக்கு இது தோதுப்படுமுங்க. மைலேஜ் என்னங்க தருது?"

அப்போதுதான் பிரிஸ்கில்லாவுக்கு உறைத்தது. தம்பியை ஓரமாக இழுத்துப் போனாள். "ஏலே, வாங்குறதுக்கு ஆளையே பிடிச்சு வச்சுட்டியா?"

"சும்மா பாக்கட்டும்க்கா. பத்துக்கு மேல குடுத்தா ஒனக்குத்தான்னு சொல்லிட்டேன்ல? சொன்ன சொல்லு மாற மாட்டேன்."

சோலைமுத்து உள்ளே ஏறி அவள் படுக்கிற மெத்தையை அமுக்கிப் பார்த்தார். போனில் படம் எடுத்தார். "நல்லா பழகுன வீடாட்டம் இருக்குதுங்க" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார். யாரோ தன் மேல் கை வைத்த மாதிரி கூசிப்போனது அவளுக்கு.

திரும்பும்போது காற்று முதுகில் தள்ளியது. ஆயக்குடியில் கொய்யாப்பழம் வாங்கினார்கள். ஜெயமேரி அதைக் கையில் வைத்துக்கொண்டே மறுபடி தூங்கிவிட்டாள். பங்க் வந்ததும் எழுப்பினார்கள். "இம்புட்டு நல்லாத் தூங்கி எம்புட்டு நாளாச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதை ஏன் என்று கேட்க இரண்டு பிள்ளைகளுக்கும் நேரமில்லை. மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓடியது நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர். அதே ஒச்சாயி, அதே கழுத்து. மறுபடி ஆட்டினார்கள், நுரை அடங்க விட்டு ஊற்றினார்கள். பத்தரை லிட்டரில் நின்றது.

ஸ்டீபன் போனில் வகுத்தான். "பதினொண்ணுக்கு மேல!"

பிரிஸ்கில்லா ஒச்சாயியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "பாத்தியாடா? பாத்தியா? என் வண்டிடா!" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வண்டி அவளுக்கே என்று ஆகிவிட்டது. போதும், வேறென்ன வேண்டும்?

ஒச்சாயிக்கும் சந்தோஷம். வெகுளி. மனதில் தோன்றியதைச் சொல்லிவிட்டாள். "பரவால்லையேக்கா! அப்பறம் என்னத்துக்கு ட்ரிப்பு இல்லாத வாரத்துலகூட வந்து வந்து ரொப்பிட்டுப் போறீக? நான் ஏதோ டேங்குதான் ஒழுகுது போலன்னு நெனச்சேன்."

ஸ்டீபன் அக்காவைப் பார்த்தான். பிரிஸ்கில்லா ஒச்சாயியின் தோளிலிருந்து கையை எடுத்தாள். இந்த மடச்சி இதை யோசிக்கவே இல்லை பாருங்கள். மைலேஜ் வந்துவிட்டால் போதும் என்று மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தவள், வண்டி ரோட்டில் பதினொன்று கொடுக்கிறது என்றால் மிச்ச டீசல் எங்கே போனது என்று கேள்வி வரும் என்பதை நினைத்தே பார்க்கவில்லை. மைலேஜ் குறைந்திருந்தால் பழி வண்டி மேல் போயிருக்கும். இப்போது இவள் மேல் வந்து நின்றது.

"வீட்டுக்குப் போவோம்" என்றான் ஸ்டீபன். வேறு எதுவும் சொல்லாமல் காரில் ஏறினான்.

வேனில் அம்மாவும் மகளும் போனார்கள். "பத்துக்கு மேலதானே வந்துச்சு? இவன் மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?" என்றாள் ஜெயமேரி.

"பசியா இருக்கும்மா."

"அப்ப ஒரு காப்பியப் போடுறேன். என் அடுப்படியப் பாத்து எத்தன நாளாச்சு."

பிரிஸ்கில்லா தடுக்க வாயெடுத்தாள். என்ன சொல்லித் தடுப்பது? அம்மாவின் வீடு அது. வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். வண்டி நின்றதும் அம்மா இறங்கி, கதவைத் திறந்து உள்ளே போனாள்.

ஸ்டீபன் காரிலிருந்து வந்தான். குரலை உயர்த்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"எங்கக்கா போச்சு டீசல்?"

அவள் வண்டிக் கதவைத் துணியால் துடைத்தாள்.

"யாருக்காச்சும் ஓட்டக் குடுக்குறியா?"

"இல்ல."

"எவனாச்சும் உறிஞ்சி எடுக்குறானா?"

"இல்லடா."

"அப்பறம்? காத்துலயா போச்சு? நான் ஒண்ணும் ஒன்னைய நிக்க வச்சுக் கேள்வி கேக்க வரல. ஆனா பில்லு பில்லா படம் எடுத்து அனுப்புற, நானும் நம்பி... சொல்லுக்கா, ஏதாவது சொல்லு."

சொல்லிவிடலாம். நாலு வார்த்தை. எனக்கு வீட்டில் தூக்கம் வரவில்லை. அவ்வளவுதான். நாற்பத்து நாலு வயதில் அந்த நாலு வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றது. உள்ளே அம்மா நடமாடுகிற சத்தம் கேட்டது. அம்மா காதில் விழும். விழுந்தால் நாளைக்கே பை கட்டுவாள்.

"வித்துட்டேன்" என்றாள் பிரிஸ்கில்லா.

"என்னது?"

"டீசல உறிஞ்சி வித்துட்டேன். போதுமா?"

ஸ்டீபனுக்கு முகம் செத்துவிட்டது. அடித்திருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது. "கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனாக்கா?" என்றான். "நான் ஒனக்குக் குடுத்திருக்க மாட்டேனா?"

அவள் குனிந்தபடி நின்றாள். கள்ளி என்று பேர் வாங்குவது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தனியாக இருக்கிறேன் என்று சொல்வதைவிட அது லேசாக வந்துவிட்டதே. அட பாவி மகளே!

ஸ்டீபன் வேனிலிருந்து சாவியை உருவினான். போனை எடுத்தான். "சோலைமுத்து அண்ணே, வண்டிய எடுத்துக்கங்க. ஆமா. அட்வான்ஸோட இன்னைக்கே வந்தாலும் சரி."

அவன் போனைப் பைக்குள் போடவும் ஜெயமேரி வெளியே வரவும் சரியாக இருந்தது. கையில் காப்பி இல்லை. சேலை முந்தானை முழுக்கத் தூசி. வாசல்படியில் நின்று மகளைப் பார்த்தாள்.

"பிரிசி. ராத்திரி நீ எங்கடி படுக்குற?"

பிரிஸ்கில்லாவின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"ஒன் கட்டில்லதாம்மான்னு தெனமும் சொல்லுவியே. போறன்னைக்குக் கட்டில்ல தூசி படக் கூடாதுன்னு ஒரு சேலைய விரிச்சு நாலு மூலையும் செருகிட்டுப் போனேன். அது செருகுனது செருகுனபடி கெடக்கு. மேல பல்லி எச்சம். ஒங்கட்டில்ல தலகாணியே இல்ல. ஒத்தத் தம்ளர்தான் கழுவி இருக்கு." மூச்சு வாங்கினாள். "பக்கத்து வீட்டு மோட்டாருன்னியே. அந்த வீட்டுலதான் பூட்டுத் தொங்குதே? எட்டிப் பாத்தேன், வாசல்ல புல்லு மொளச்சுக் கெடக்கு."

ஸ்டீபன் அம்மாவைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். பிறகு வேனைப் பார்த்தான். நீலச் சேலை ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"நின்னுக்கிட்டே ஓடுச்சாக்கா?" என்றான் மெதுவாக. "என்ஜின்?"

அவள் தலையாட்டினாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, முதன்முதலாக வாயைத் திறந்து சொன்னாள். "வீட்ல சத்தமே இல்லம்மா. இருந்து பாத்தேன். முடியல. இது ஓடுனா யாரோ கூட இருக்குற மாதிரி இருக்கு." சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். "நீ பையக் கட்டாதம்மா. அதுக்காகச் சொல்லல."

ஜெயமேரி மகளிடம் வரவில்லை. நேராக வேனுக்குப் போனாள். கம்பியைப் பிடித்து ஏறி, படுக்கையில் உட்கார்ந்து, அந்த நீலச் சேலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஸ்டீபா, சாவியப் போடு."

"எதுக்கும்மா?"

"போடுன்னா போடேன்டா."

அவன் ஏறிச் சாவியைத் திருகினான். வண்டி உறுமி, பிறகு அடங்கி, மெல்ல அதிர ஆரம்பித்தது. ஜெயமேரி தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஒரு வருஷமாகப் போனில் மகளின் குரலுக்குப் பின்னால் தினம் தினம் கேட்ட சத்தம்.

"இதேதான்" என்றாள். "இதக் கேட்டாத்தான் அங்க எனக்கும் தூக்கம் வருது. எம்மக வீட்ல பத்திரமா இருக்கான்னு நெனச்சுத் தூங்குவேன்." சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிரிஸ்கில்லா கீழேயே நின்றாள். ஸ்டீபன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். வெகு நேரம் கழித்துச் சாயங்காலப் பூசைக்கு மணி அடித்தது. யாரும் கிளம்பவில்லை, யாரும் என்ஜினை அணைக்கவும் இல்லை.

அந்தச் சத்தத்தில் ஸ்டீபனின் சட்டைப் பையில் அடித்த போன் ஒருவருக்கும் கேட்கவில்லை. சோலைமுத்து அட்வான்ஸோடு ஒட்டன்சத்திரத்தைத் தாண்டியிருந்தார்.